நின்றபடியே தூங்கியவள்

ஜூன் 3, செவ்வாய்

ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கிறவன் நாட்குறிப்பைத் தமிழ்ல எழுதுறான்னு தெரிஞ்சா என் மாணவர்கள் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். காலையில ஆரம்பிச்சா பொழுது சாயற வரைக்கும் வாய் இங்கிலீஷ்லயே ஓடுது. வீட்டுக்கு வந்தா நாக்கு செருப்பைக் கழட்டிப் போட்ட மாதிரி ஆயிடுது.

தில்லைநகர்ல இப்ப தெருவுக்கு மூணு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர். நம்மது மாடியில, கீழே மெடிக்கல் ஷாப். ஜெரால்டு இங்கிலீஷ் அகாடமின்னு போர்டு இருக்கு, அதுல பாதி லைட் எரியாது. முன்னால மேஜை போட்டு ஸ்டெல்லா உக்காந்திருப்பா. கட்டினவளும் அவதான், அட்மிஷன் பாக்கிறவளும் அவதான். இந்த மாசம் ஃபோன் அடிக்கவே இல்லைன்னு காலையிலேர்ந்து முணுமுணுப்பு. எதிர்த்தெரு சென்டர்க்காரனுக்கு மீசை கூட ஒழுங்கா முளைக்கல. ரீல்ஸ்ல ஆடிப்பாடி கிராமர் நடத்துறான், கூட்டம் அள்ளுது. நான் போடுற 'இன்னிக்கு ஒரு இடியம்' வீடியோவை என் கூடப்பொறந்த தங்கச்சியே முழுசாப் பாக்குறதில்ல.

"நீங்க விளக்குறீங்க. அவன் காட்டுறான். அதாங்க வித்தியாசம்"னா ஸ்டெல்லா. சாம்பார்ல உப்பு இல்ல, பேச்சுல இருந்துச்சு.

ஜூன் 4, புதன்

பைக் சர்வீஸ் விட்டேன். தண்ணி மோட்டார் மறுபடியும் மக்கர்.

எட்டு மணி பேட்ச் முழுக்க நர்ஸுங்க. நைட் ட்யூட்டி முடிச்சு யூனிஃபார்ம், மாஸ்க்கோட அப்படியே வந்துடுவாங்க. ஆளுக்கொரு நாட்டு மேல கண்ணு. அதுல அம்சவல்லின்னு ஒரு பொண்ணு, ஜெயங்கொண்டம் பக்கம். எழுதச் சொன்னா அச்சடிச்ச மாதிரி எழுதுவா, வாயைத் தொறந்தா பூட்டு விழுந்துடும். அயர்லாந்துல ஒரு ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கிட்டாச்சு. பரீட்சையும் ரெண்டாவது முயற்சியில தேறிட்டா. எல்லாம் ஒப்பிச்சுத் தேறினது. போறதுக்குள்ள வாய் பழகணும்னு என்கிட்ட வர்றா. இங்க அவ வேலை பாக்குற ஆஸ்பத்திரி ஒரு அனுபவச் சான்றிதழ் குடுக்கணும், நன்னடத்தைன்னு ஒரு வரி சேத்து. அது கைக்கு வந்தா விசா. அவ்வளவுதான் பாக்கி.

நல்ல பொண்ணு. ஆனா வகுப்புல சதா கொட்டாவி. ஒருத்தர் விட்டா வரிசையா எல்லாரும் விடுவாங்க. எரிச்சலா வருது.

ஜூன் 5, வியாழன்

இன்னிக்கு ஜெயிச்சுட்டேன்.

பாடம், 'ஐ ஆம் டெட் ஆன் மை ஃபீட்.' இதை எப்படி விளக்குறது? 'டெட்'னு போர்டுல எழுதின உடனே எல்லா நர்ஸும் நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. அவங்களுக்கு அந்த வார்த்தை வேற ஞாபகம். முன்வரிசை நூர்ஜஹான் எழுந்து, "ஒய் ஒன்லி ஃபீட், சார்? ஹேண்ட்ஸ் நாட் டெட்?"னு கேட்டா. வகுப்பே சிரிச்சுது. செத்துப் போறது இல்லம்மா, அலுப்பு. உக்கார வழியில்லாம நின்னு நின்னு, நின்ன நிலையிலேயே உடம்பு தீந்து போறது. 'உடம்பை அடிச்சுப் போட்டாப்புல இருக்கு'ம்போமே, 'இதுக்கு மேல நின்னா விழுந்துடுவேன்'ம்போமே, அது. இதெல்லாம் நான் இங்கிலீஷ்லதான் சொன்னேன். பாதிப் பேருக்கு ஏறல, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

அப்பத்தான் கவனிச்சேன். பின்னால சுவரோரமா நின்னுட்டிருந்த அம்சவல்லி, தலை ஒரு பக்கம் சாய, கையில நோட்டு விழாம அப்படியே இருக்க, தூங்கிட்டா. நின்னபடியே. மாஸ்க்குக்கு மேல ரெண்டு கண்ணும் மூடியிருக்கு. இதைவிட ஒரு விளக்கம் உலகத்துல உண்டா? வாயில விரல் வெச்சு எல்லாரையும் அமத்திட்டு செல்லை எடுத்தேன்.

மத்தியானம் உக்காந்து வெட்டி ஒட்டினேன். பின்னால சுவர்ல தெரிஞ்ச கிராமர் சார்ட்டை வெட்டி எடுத்தாச்சு. வகுப்புல தூங்குறான்னு சொன்னா எவன் பாப்பான்? அதனால குரலை இப்படிக் குடுத்தேன்: "பாருங்க இந்த நர்ஸம்மாவை, ட்யூட்டியில நின்னுக்கிட்டே தூங்குறாங்க. இவங்க டயர்டு இல்ல. டெட் ஆன் ஹெர் ஃபீட்!" சின்னதா ஒரு குறட்டைச் சத்தமும் சேத்தேன். மாஸ்க் இருக்கு, யாருன்னு ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல.

ஜூன் 6, வெள்ளி

என் பழைய வீடியோ எல்லாத்தையும் பாத்தவங்களைக் கூட்டினாலும் இதுல பாதி வராது. இன்னும் ஏறுது.

ஜூன் 8, ஞாயிறு

லட்சத்தைத் தாண்டி எங்கயோ போயிடுச்சு. பூசை முடிஞ்சு மாதா கோயில் வாசல்ல நாலு பேர் கைகுடுத்தாங்க. ஸ்டெல்லா மட்டன் எடுக்கச் சொன்னா, அவளே சொன்னா. ஃபோன் விடாம அடிக்குது. எதிர்த்தெருக்காரன் கூட ஒரு கைதட்டல் பொம்மை போட்டிருக்கான், வயித்தெரிச்சல் பய.

கமென்ட்ல சில பேர் கன்னாபின்னான்னு எழுதுறாங்க. 'இவளுங்களுக்குச் சம்பளம் எதுக்கு', 'நம்ம உசுரு இவ கையிலயா', அப்படி. ஜனங்க எதுக்கும் எதையாவது சொல்லிக்கிட்டுத்தான் இருப்பாங்க.

அம்சவல்லி மெசேஜ் அனுப்பியிருந்தா. "சார், அது நானா?" சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு அனுப்பிட்டுச் சாப்பிடப் போனேன். கறி நல்லா வெந்திருந்துச்சு.

ஜூன் 10, செவ்வாய்

வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் அம்சவல்லி மேஜைகிட்ட நின்னா. "சார், தட் வீடியோ... மை... மை ஹாஸ்பிடல்..."னு திக்குனா. என் வகுப்புல ஒரே சட்டம், வாசலுக்கு உள்ள தமிழ் கிடையாது. தண்ணி வேணும்னாலும் இங்கிலீஷ்ல கேக்கணும், கேக்க வரலைன்னா தாகத்தோட இருக்கணும். கொடுமையாத் தெரியும், ஆனா பேச்சு வந்துடும். சரி போகட்டும்னு அவளைக் கூட்டிக்கிட்டு வெளிய மாடிப்படிக்கு வந்து, இப்ப தமிழ்ல சொல்லும்மான்னேன்.

மடை திறந்தாப்புல கொட்டுனா. "ட்யூட்டியில தூங்குறேன்னு சொல்லியிருக்கீங்களே சார். நான் உங்க வகுப்புலதான தூங்குனேன்? என் வாட்ச்சை வெச்சு வார்டுல எல்லாரும் கண்டுபிடிச்சுட்டாங்க. எங்க அத்தை ஊர்லேர்ந்து ஃபோன் பண்ணிக் கேக்குது."

"அது சும்மா ஒரு சுவாரசியத்துக்கும்மா. நாலு நாள்ல மறந்துடுவாங்க. நீ இப்ப திருச்சியிலேயே ஃபேமஸ், தெரியுமா?"

அவ சிரிக்கல. படியில இறங்கிப் போயிட்டா. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இதுக்குப் போய் இவ்வளவா? மூஞ்சி கூடத் தெரியல.

ஜூன் 12, வியாழன்

அம்சவல்லி வரல. நேத்தும் வரல.

ஜூன் 13, வெள்ளி

நூர்ஜஹான் அதே ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்குறா, வேற மாடி. வகுப்பு முடிஞ்சதும் தானாவே மாடிப்படிக்கு வந்து நின்னா. அவ சொன்னதை அப்படியே எழுதுறேன்.

"அவளுக்கு மெமோ குடுத்துட்டாங்க சார். வார்டுலேர்ந்து எடுத்து ஸ்டோர் ரூம்ல போட்டுட்டாங்க, பஞ்சு, ஊசி எண்ணிட்டு உக்காந்திருக்கா. வார்டுல பேஷன்ட்டோட ஆளுங்க அவளை 'டெட் சிஸ்டர்'ங்கிறாங்க. அந்த டெட் சிஸ்டர் எங்கப்பாவுக்கு ஊசி போட வேணாம், ராசியில்லைங்கிறாங்க. விசாரணை முடியாம சர்டிபிகேட் இல்லைன்னுட்டாங்க. அயர்லாந்துக்காரங்க இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பச் சொல்லியிருக்காங்க. இல்லன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடும்."

இடியம் சொல்லிக்குடுத்தது நான். அதை ஆஸ்பத்திரியில வந்து படுத்திருக்கிறவனுக்குச் சொல்லிக்குடுத்ததும் நான்தான். 'டெட்'ங்கிற வார்த்தை அங்க எப்படிக் கேக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். நர்ஸுங்க அத்தனை பேரும் நிமிர்ந்து உக்காந்ததை நான்தான் பாத்தேன்.

போகும்போது நூர்ஜஹான், "நீங்கதான சார் அவளை..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திக்கிட்டா. என்னன்னு நான் கேக்கல.

ஜூன் 14, சனி

'ட்யூட்டியில'ங்கிற வார்த்தையைத் தலைப்புலேர்ந்து எடுத்துட்டேன். குரல்ல இருக்கு, அதை மாத்த முடியாது. மொத்தமா அழிச்சிடலாம். அழிச்சா தப்புப் பண்ணின மாதிரி ஆயிடுமே. இன்னிக்கு மட்டும் புதுசா அஞ்சாறு பேர் சேந்திருக்காங்க. எல்லாரும் அந்த வீடியோ பாத்து வந்தவங்க. ஸ்டெல்லா ரசீதுப் புத்தகம் தீந்துடுச்சுன்னு புதுசு வாங்கி வரச் சொன்னா.

வாங்கிட்டு வந்தேன். கொத்தமல்லி மறந்துட்டேன்.

ஜூன் 16, திங்கள்

அழிச்சுட்டேன். பிரயோஜனமில்ல. வேற யாரோ எடுத்துத் தன் பக்கத்துல போட்டிருக்கான், அதை இன்னொருத்தன். ஒருத்தன் அவ தலை சாயற இடத்துல சங்குச் சத்தம் சேத்திருக்கான். குறட்டை சேத்தது நான், சங்கு சேத்தது அவன். பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

ஜூன் 18, புதன்

ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். பார்க்கிங்ல டோக்கன் வாங்கினேன். எதிர்ல டீ குடிச்சேன், இன்னொரு டீ குடிச்சேன். வந்துட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

விஷயம் எப்படியோ ஸ்டெல்லா காதுக்குப் போயிடுச்சு. நூர்ஜஹான்தான் சொல்லியிருக்கணும். தட்டை வெச்சுட்டு எதிர்ல உக்காந்தா.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. வகுப்புல எடுத்ததுன்னு ஒரு வார்த்தை. அந்தப் பொண்ணு பொழப்பு அதுல தொங்குது."

"போனா நாம பொய் சொன்னோம்னு ஊருக்கே தெரிஞ்சுடும்டீ. சென்டர் பேரு என்னாகும்?"

"சென்டருக்கு இன்னொரு பேரு வெச்சுக்கலாம்"னு சொல்லிட்டு ரசம் ஊத்துனா. அப்புறம், "ஆமா, அவ ஏன் நின்னுட்டிருந்தா?"ன்னு கேட்டா.

"சேர் பத்தலை."

"எட்டு மணி பேட்ச்சுக்கா? போன மாசம்தானங்க கூடுதலா சேர் வாங்கிப் போட்டோம்."

"ஒண்ணு ரெண்டு உடைஞ்சிருக்கும்"னேன். அவ என்னையே பாத்துட்டிருந்தா. ரசம் சூடா இருந்துச்சு, நான் குனிஞ்சு குடிச்சேன்.

ஜூன் 21, சனி

போயிட்டு வந்துட்டேன்.

நர்சிங் சூப்பிரண்டு பேரு குளோரி. அறுபதைத் தொட்ட அம்மா, குரல் ஏறாது. எனக்கு நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க சார்"னாங்க. உக்காந்தேன்.

"வீடியோ எங்க எடுத்தது?"

"என் வகுப்புல மேடம். ட்யூட்டி முடிஞ்சு வந்தப்ப."

"ட்யூட்டியிலன்னு சொல்றீங்களே அதுல?"

"அது நானா சேத்தது."

"எதுக்கு?"

எத்தனை பதில் தயார் பண்ணிட்டுப் போனேன். "நிறையப் பேர் பாக்கணும்னு"ன்னேன்.

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி மேஜையில வெச்சாங்க. "பாத்துட்டாங்க சார். என் வார்டுல ஒரு பெரியவர் இருக்கார், மூச்சுக்குழாய்ல ஓட்டை போட்டு ட்யூப் வெச்சிருக்கு. நீங்க வீடியோ எடுத்தீங்களே அதுக்கு முந்தின ராத்திரி பூரா அவருக்குச் சளி உறிஞ்சி எடுத்துட்டு நின்னது இந்தப் பொண்ணுதான். கூட இருக்க வேண்டிய நர்ஸ் லீவு. ரெண்டு ஆள் வேலையை ஒருத்தியாப் பாத்தா. அந்தப் பெரியவரோட மகன்தான் முதல்ல வந்து நின்னான், டெட் சிஸ்டர் எங்கப்பாகிட்ட வரக்கூடாதுன்னு. நான் அவனுக்கு எதைச் சொல்லி விளக்க?"

நான் விளக்குறதுக்கே பொறந்தவன், என்கிட்டயும் ஒண்ணும் இல்ல.

எழுதிக் குடுங்கன்னு பேப்பர் நீட்டினாங்க. வகுப்புல எடுத்தது, ட்யூட்டியில இல்ல, பொய்யாச் சேத்தது நான்னு எழுதினேன். கையெழுத்துப் போடப் போகும்போது, "வகுப்புல அவ ஏன் நின்னுட்டிருந்தா?"ன்னு கேட்டாங்க.

"சேர் பத்தலை மேடம்."

"நைட் பூரா நின்னுட்டு வந்தவளுக்கு எந்திரிச்சு எடம் குடுக்க உங்க வகுப்புல ஒருத்தர் கூடவா இல்ல?"

சேர் பத்தலைங்கிறதையும் எழுதச் சொன்னாங்க. எழுதினேன், சேர் பத்தாததால் நின்றிருந்தார்னு. பேப்பரை வாங்கி வெச்சுக்கிட்டு, "அந்தப் பொண்ணைத் தனியா விசாரிப்போம். ரெண்டு பேர் சொல்றதும் ஒத்துப்போனா ஃபைலை மூடிடலாம். ஒத்துப்போகலைன்னா கமிட்டிக்குப் போகும், அது எப்ப முடியும்னு சொல்ல முடியாது"ன்னாங்க.

வாசல் வரைக்கும் வந்தப்புறம்தான் அந்தக் கடைசி வாக்கியம் மண்டையில ஏறுச்சு.

ஜூன் 22, ஞாயிறு

பூசையில மனசு ஒட்டல. 'என் பாவமே, என் பாவமே'ன்னு எல்லாரும் நெஞ்சுல தட்டுறப்ப நான் சட்டைப் பையில செல்லைத் தொட்டுப் பாத்துட்டிருந்தேன்.

சேர் விஷயத்துல அவ வேற மாதிரி சொல்லிட்டா என்ன பண்றது? அன்னிக்குக் கூட்டம் நெருக்கடியாத்தான் இருந்துச்சு. அப்படித்தான் எனக்கு ஞாபகம்.

அவளுக்கு ஃபோன் பண்ணி இப்படிச் சொல்லியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலாம். நம்பரை எடுத்தேன், வெச்சேன். குளோரி மேடத்துகிட்ட மறுபடியும் போகலாம். அதுக்கும் கால் வரல. மத்தியானம் மோட்டார்க்காரன் வந்தான், அவனோட நின்னு பேசிட்டிருந்தேன். அவன் போனப்புறமும் மொட்டைமாடியிலேயே இருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

ஏதாவது பண்ணணும்னு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு மன்னிப்பு வீடியோ போட்டேன். பின்னால வெறும் சுவர், மியூசிக் கிடையாது. "அந்த வீடியோ என் வகுப்புல எடுத்தது. அந்தச் சகோதரி கடமை தவறல. பாக்குறவங்க கூடணும்னு பொய் சொன்னது நான். ஒரு ஆசிரியனா வெக்கப்படுறேன்." கடைசியில குரல் உடைஞ்சுடுச்சு. வேணும்னு உடைக்கல, சத்தியமா.

முதல் தடவை எடுத்தப்ப வெளிச்சம் சரியில்ல. ரெண்டாவது தடவை எடுத்தேன். அதுலயும் அதே இடத்துல குரல் உடைஞ்சுது.

ஜூன் 25, புதன்

பழைய வீடியோவைத் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு இது. 'தப்பை ஒத்துக்க ஒரு மனசு வேணும் சார்', 'இந்தக் காலத்துல இப்படி ஒரு வாத்தியாரா', 'கண் கலங்கிடுச்சு அண்ணா'. ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கரூர்லேர்ந்து ஃபோன் பண்ணி வாழ்த்தினார். சாயங்காலப் பேட்ச் நிரம்பி வழியுது. ஸ்டெல்லா இன்னொரு பேட்ச் ஆரம்பிக்கலாமான்னு கேக்குறா. போர்டுக்கு லைட் மாத்தியாச்சு.

படிக்கப் படிக்க நல்லா இருக்கு. நல்லா இருக்கேன்னும் கூசுது. கூசிக்கிட்டே அடுத்த கமென்ட்டைப் படிக்கிறேன்.

சான்றிதழ் பத்தி ஒரு தகவலும் இல்ல. நூர்ஜஹானைக் கேட்டேன். "விசாரிச்சுட்டாங்களாம் சார். அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா"ன்னா.

ஜூன் 28, சனி

அம்சவல்லி வந்தா.

யூனிஃபார்ம் இல்ல, சாதாரண சுடிதார். மாஸ்க் இல்லாம அவ முகத்தை இன்னிக்குத்தான் ஒழுங்காப் பாத்தேன். உள்ள வாம்மான்னேன். "வேணாம் சார், உள்ள வந்தா இங்கிலீஷ் பேசணும். இங்கயே சொல்லிட்டுப் போயிடுறேன்"னு மாடிப்படியிலேயே நின்னுட்டா.

"சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. நேத்தே ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டேன். கிடைச்சுடுச்சுன்னு பதிலும் வந்துடுச்சு."

எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு. "ரொம்ப சந்தோஷம்மா. எத்தனை நாளா எனக்குத் தூக்கமே இல்ல, தெரியுமா?"ன்னேன். சொன்ன மறு நிமிஷம், யாருகிட்டப் போய்த் தூக்கத்தைப் பத்திப் பேசுறோம்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவ கண்டுக்கல.

"குளோரி மேடம் என்கிட்ட, சேர் பத்தலையாமேன்னு கேட்டாங்க சார். எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் உங்க பேப்பரைக் காட்டினாங்க. படிச்சேன்."

உள்ள யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு கதவைச் சாத்தினேன்.

"ஆமா மேடம், பத்தலைன்னு சொல்லிட்டேன்."

"அம்சவல்லி..."

"உங்களுக்காகச் சொல்லல. ரெண்டு பேரும் வேற வேற சொன்னா என் பேப்பர் அங்கயே நின்னுடும். அந்தம்மாகிட்ட அஞ்சு வருஷமா வேலை பாத்திருக்கேன் சார். ஒரு தடவை மருந்து மாத்திக் குடுக்க இருந்தேன், அதைக் கூட நானே போய்ச் சொன்னேன். ஒரு பொய் சொன்னதில்ல. கிளம்புறப்ப சொல்ல வெச்சுட்டீங்க."

கோவமாச் சொல்லியிருந்தா தேவலை. பேஷன்ட் வீட்டுக்காரங்களுக்கு ரிப்போர்ட் சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னா. நான் கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டேன்.

"இப்பவே போய் மேடத்துகிட்ட உண்மையைச் சொல்லிடுறேம்மா."

"சொல்லாதீங்க. இப்ப நீங்க உண்மை சொன்னா நான் பொய் சொன்னவளா ஆயிடுவேன். இனிமே அன்னிக்கு சேர் பத்தலதான். யாரு கேட்டாலும் அப்படித்தான்."

"வேற நான் என்னதான் செய்யட்டும்? சொல்லு, செய்றேன்."

கொஞ்சம் யோசிச்சா. "அந்த மன்னிப்பு வீடியோவை எடுத்துடுங்க சார். அதுல நீங்க ரொம்ப நல்லவராத் தெரியுறீங்க."

சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா. கீழ மெடிக்கல் ஷாப் பையன் அவளை நிமிர்ந்து பாத்துட்டு, பக்கத்துல இருந்தவன்கிட்ட என்னமோ சொன்னான். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. என்ன வார்த்தைன்னு மேல இருந்த எனக்கே கேட்டுச்சு. அவ திரும்பிப் பாக்கல.

ஜூன் 29, ஞாயிறு

எடுத்துட்டேன்.

ஸ்டெல்லாவுக்கு ஆத்திரம். "மன்னிப்புக் கேட்டதைப் போய் யாராவது அழிப்பாங்களா? நேத்து கூட அதைப் பாத்துட்டுத்தான் மூணு பேர் வந்தாங்க. பைத்தியமா உங்களுக்கு?" பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டினவனுக்கு ஊரே தாலாட்டு நல்லா இருக்குன்னு சொல்லுச்சுன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? அம்சவல்லி என் வாயைக் கட்டிட்டுப் போயிட்டா. கட்டினவகிட்ட சொன்னா நூர்ஜஹானுக்குப் போகும், அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகும். இந்த நோட்டுகிட்ட மட்டும்தான் சொல்ல முடியும். இதுகிட்டயும் இத்தனை நாள் பொய்தான் எழுதியிருக்கேன்.

ஜூன் அஞ்சாம் தேதி காலையில சேர் இருந்துச்சு. பின்வரிசையில ஒரு சேரைத் தவிர மத்ததெல்லாம் காலி. அம்சவல்லி அங்கதான் உக்காந்திருந்தா. நான் போர்டுல தேதி எழுதிட்டுத் திரும்புறதுக்குள்ள தலை தொங்கிடுச்சு. எனக்குச் சுருக்குன்னு கோவம். எதிர்த்தெருக்காரன் மேல இருந்த கோவம், ஓடாத வீடியோ மேல இருந்த கோவம், எல்லாம் சேந்து அவ மேல இறங்குச்சு. "ஸ்டாண்ட் அப். தூங்குறதுக்கு வெளிய மரத்தடி இருக்கு"ன்னு இங்கிலீஷ்ல சொன்னேன். எல்லாரும் பாத்தாங்க. எழுந்து சுவரோரமாப் போய் நின்னா.

கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, மத்தவங்களுக்குக் கேக்காத குரல்ல, "சார், காலு கடுக்குது. கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"ன்னு கேட்டா. தமிழ்ல கேட்டா.

"இன் இங்கிலீஷ், ப்ளீஸ்"னேன்.

மாஸ்க் ரெண்டு தடவை அசைஞ்சுது. சத்தம் வரல. அவளுக்குத் தெரியாத வார்த்தையா அது? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். ஒரு பெரியவரை ராத்திரி பூரா மூச்சுவிட வெச்சுட்டு வந்தவளுக்கு அந்த நேரத்துல அது வாயில வரல, அவ்வளவுதான். நூர்ஜஹான் திரும்பி என்னைப் பாத்தா. நான் கையைக் கட்டிக்கிட்டு, முகத்துல ஒரு சிரிப்போட, வார்த்தை வருதான்னு காத்திருந்தேன். வரல. சரின்னு தோளைக் குலுக்கிட்டு போர்டு பக்கம் திரும்பி, ஒரு மனுஷன் எவ்வளவு அலுத்துப் போக முடியும்ங்கிறதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு பாடம் நடத்த ஆரம்பிச்சேன்.